முற்றத்தில் அரைபட்ட வால்வு

ஞாயிற்றுக்கிழமை மாலை வாசிப்பு நிறைவுற்று, அனைவருக்கும் திருநீறு வழங்கிய பிறகும் மாசிலாமணி எழுந்திருக்கவில்லை.

"அம்மா, ஒரு கேள்வி இருக்கு" என்றார்.

மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். அவர் அம்மா என்று அழைத்த உமையாள் அம்மையாருக்கு நாற்பத்தொன்று. சிவன் கோயில் மண்டபத்தில் பதினோராண்டுகளாகப் பதிகங்களுக்குப் பொருள் உரைத்து வருபவர். மூத்தவர் கீழே அமர்ந்து கேட்பதும் இளையவர் மேலிருந்து சொல்வதும் அந்த மண்டபத்தில் எவருக்கும் வியப்பாய்த் தோன்றியதில்லை.

"கேளுங்க ஐயா."

"நியாயமான கோபம் பாவமா?"

தூணருகே அமர்ந்திருந்த ஒருவர், "டாப்பெட் புராணம் தொடங்கிடுச்சு" என்றார். சிலர் சிரித்தனர்.

மாசிலாமணி திரும்பினார். "சிரிங்க. நல்லாச் சிரிங்க. உங்க இன்ஜினா எரிஞ்சுது? உங்க கொடியா காயுது?"

சிரிப்பு அடங்கியது.

ஊரறிந்த செய்திதான் அது. மாசிலாமணிக்கும் சடையப்பனுக்கும் பொதுவில் ஒரு கொடிக்கால், ஒரு கிணறு, அந்தக் கிணற்றின்மேல் ஒரு டீசல் இன்ஜின். இன்ஜின் ஓடும்போது அதன் தலைப்பகுதியான ஹெட்டில், வால்வைத் திறக்கும் டாப்பெட் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்கும். வால்வின் காம்புக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவே தாள் கனத்துக்கு ஓர் இடைவெளி உண்டு. சூடேறிய இரும்பு நீள்வதற்கு அந்த இடம் வேண்டும். சடையப்பனுக்கு அந்தத் தட்டல் பிடிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துச் சத்தம் ஓயும்வரை முறுக்கிவிட்டார். இடைவெளி போயிற்று. சூட்டில் நீண்ட வால்வு மூட முடியாமல் திறந்தே நின்றது. நெருப்பு அதன் விளிம்பைத் தின்றது. புதன்கிழமை காலையில் இன்ஜின் நின்றுபோனது.

"ஏன்டா இப்படிச் செஞ்சேன்னு கேட்டேம்மா. டீக்கடையில, எட்டுப் பேரு முன்னால என்ன சொன்னான் தெரியுமா? 'இரும்புதானேண்ணே, தேயாம என்ன செய்யும்'ங்கிறான். தேஞ்சுதா? எரிஞ்சுதும்மா, எரிஞ்சுது! பன்னண்டு வருஷமா அந்த இன்ஜினை என் கையால எண்ணெய் போட்டு, துடைச்சு, குளிப்பாட்டாத குறையா வச்சிருந்தேன். ஒரு ஸ்பேனர், ஒரு முறுக்கு. முடிச்சுட்டான்."

"நீங்க அவர்கிட்ட என்ன எதிர்பாக்குறீங்க?"

"என் வாசலுக்கு வரணும். தப்பு என்னுதுன்னு சொல்லணும். ரெண்டே வார்த்தை. அது பெரிய ஆசையா? நீங்களே சொல்லுங்க. நியாயம் என் பக்கம் இருக்கா இல்லையா?"

அம்மையார் கையிலிருந்த சுவடிப் புத்தகத்தைத் துணியில் சுற்றினார்.

"இன்ஜின் ஹெட் இப்ப எங்க இருக்கு?"

"என் வீட்டு முற்றத்துல. கழட்டிக் கொண்டாந்து நானே புது வால்வை அரைச்சுக்கிட்டிருக்கேன். பட்டறைக்காரன் கையில குடுத்தா அது உக்கார்ற சீட்டையும் சேத்துக் கெடுத்துடுவான்."

"எத்தனை நாளா?"

"புதன்கிழமையிலேருந்து."

"நாளைக்குக் காலையில வீட்டுக்கு வர்றேன். பதிலை அங்க சொல்றேன்."

"இங்கேயே சொல்லலாமேம்மா. எல்லாரும் கேக்கட்டுமே."

"ஹெட் இங்க இல்லையே ஐயா" என்று சொல்லி அம்மையார் எழுந்தார்.

மறுநாள் காலை, வெயில் ஏறும் முன்பே அவர் அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். மாசிலாமணியின் வீட்டிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது.

புதிய வால்வைப் பொருத்துவோர் அதன் தட்டில் ஒரு குச்சியை ஒட்டவைப்பார்கள். குச்சியின் நுனியில் ரப்பர்க் கிண்ணம் இருக்கும். மோர் கடையும் மத்தைப் போல் அந்தக் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். வால்வின் விளிம்புக்கும் அது அமரும் சீட்டுக்கும் நடுவே எமரிப் பசை தடவியிருப்பார்கள். பசையிலுள்ள மணல் இரண்டையும் சிறிது சிறிதாக அரைத்து, காற்றும் புகாதபடி ஒன்றில் ஒன்று அமரச் செய்யும். அந்த மணலுக்கென்று ஒரு சத்தம் உண்டு.

உமையாள் அம்மையார் லேத்துப் பட்டறைக்காரரின் மகள். தெருவிலேயே சற்று நின்று கேட்டார்.

மாசிலாமணியின் மனைவி தையல்நாயகி இரண்டு வெறுங்குடங்களோடு எதிரே வந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"வாங்கம்மா. உள்ள போங்க. உங்க சீடரு தவத்துல இருக்காரு."

"நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

"கொடிக்கால்லேருந்துதான். நானும் மருமகளும் விடிஞ்சதுலேருந்து கிணத்துல இறைச்சு எழுபது குடம் ஊத்தியிருக்கோம். எங்க பாத்தி நனையணுமே. சித்திரை வெயில்ல வெத்தலைக்கொடி ஒரு நாள் பொறுக்கும், ரெண்டு நாள் பொறுக்கும்."

"சடையப்பன் பாத்திக்கு?"

தையல்நாயகி தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து உதறினார்.

"அவருதான் போன ஐப்பசியில ஏணியிலேருந்து விழுந்து தோளை முறிச்சுக்கிட்டாரே. வலது கையால குடம் தூக்க முடியுமா? கூலிக்கு ஆள் தேடினாரு, கிடைக்கலை. பக்கத்துக் கொடிக்கால்ல இன்ஜின் கேட்டாரு, அவங்களுக்கே தண்ணி பத்தலை. போற போக்குல நான் பத்துக் குடம் ஊத்திட்டு வர்றேன்னு சொன்னேம்மா."

"ஊத்துனீங்களா?"

"உங்க சீடரு ஊத்தக் கூடாதுன்னுட்டாரு."

அம்மையார் வேறொன்றும் கேளாமல் உள்ளே சென்றார்.

முற்றத்தில் சாக்கு விரித்து, அதன்மேல் இன்ஜின் ஹெட் வைக்கப்பட்டிருந்தது. மாசிலாமணி நெற்றி நிறையத் திருநீற்றோடு சம்மணமிட்டு அமர்ந்து குச்சியை உருட்டிக்கொண்டிருந்தார். அம்மையாரைக் கண்டதும் கையை நிறுத்தாமலே பேசத் தொடங்கினார்.

"பாருங்கம்மா. இதோ கிடக்கு பாருங்க எரிஞ்ச வால்வு. எலி கடிச்ச அப்பளம் மாதிரி ஆக்கிட்டான். இதைக் கொண்டுபோயி அவன் மூஞ்சிக்கு நேரா..."

அம்மையார் எதிரே குந்தி அமர்ந்தார். வால்வை உயர்த்தி, சீட்டின் ஓரத்தில் சுட்டுவிரலை ஒருமுறை ஓட்டினார். விரலில் பட்டதைக் கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"பசை எங்க ஐயா?"

"அதான் இருக்கே."

"இது எண்ணெய். வெறும் எண்ணெய்."

மாசிலாமணியின் உள்ளங்கைகள் நின்றன.

"கடைசி மெருகுக்கு எண்ணெய்தாம்மா போடுவாங்க."

"எத்தனை நாள் போடுவாங்க?"

மாசிலாமணி குச்சியைக் கீழே வைத்தார்.

"ஸ்பிரிங்கைப் போட்டுப் பூட்டுங்க. மண்ணெண்ணெய் ஊத்திப் பாத்துடலாம்."

"இன்னும் தயாராகலைம்மா."

"ஆகலைன்னா ஒழுகும். ஒழுகட்டும், பாப்போம்."

அவர் மறுக்க வழியின்றி ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டினார். ஹெட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, புகை வெளியேறும் வாய் மேலே பார்க்கும்படி வைத்தார்கள். அம்மையார் ஒரு வெள்ளைத் துணியைக் கேட்டார். தையல்நாயகி கொண்டுவந்து, சொல்லாமலே உரிய இடத்தில், வால்வின் தட்டுக்குக் கீழே விரித்தார். அம்மையார் அந்த வாய் நிறைய மண்ணெண்ணெய் ஊற்றினார்.

"எவ்வளவு நேரம்மா பாக்கணும்?"

"ஒரு பதிகம் சொல்லுங்க. அது போதும்."

மாசிலாமணிக்கு நல்ல குரல். மண்டபத்தில் அவர் பாடத் தொடங்கினால் தெருவில் போகிறவர்களும் நிற்பார்கள். அன்றும் முதல் மூன்று பாடல்கள் முற்றம் நிறைய ஒலித்தன. ஐந்தாம் பாடலில் அவர் கண் துணியின்மேல் சென்றது. எட்டாம் பாடலில் குரல் தாழ்ந்தது. பதினொன்றாம் பாடலை ஏறத்தாழ வாய்க்குள்ளேயே முடித்தார்.

அம்மையார் வால்வின் விளிம்பைச் சுற்றி விரலால் தடவினார். விரல் உலர்ந்திருந்தது. துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு புள்ளி இல்லை.

"ஒழுகலை" என்றார்.

"ஆமாம்மா. இப்பதான், இன்னைக்குக் காலையிலதான் அமைஞ்சிருக்கு போல."

அடுக்களை வாயிலில் நின்ற தையல்நாயகி சொன்னார்: "வெள்ளிக்கிழமையே ஒழுகலைம்மா. இதே துணிதான். நான்தான் விரிச்சேன்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலை. அதனாலதான் இத்தனை நாளும் சொல்லலை."

உமையாள் அம்மையார் குரலை உயர்த்தி அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. துணியை மடித்து மாசிலாமணியின் முன்னே வைத்தார்.

"வால்வு வெள்ளிக்கிழமையே சரியாயிடுச்சு. அப்ப இந்தச் சத்தம் யாருக்காக ஐயா?"

மாசிலாமணி நிமிர்ந்தார். பிடிபட்டவரின் நாணம் ஒரு கணம் அவர் முகத்தில் தோன்றியது; மறுகணம் அதையும் சினம் விழுங்கியது.

"அவனுக்காகத்தான்! மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? இந்தத் தெரு வழியாத்தானே தினமும் கொடிக்காலுக்குப் போறான். அவன் செஞ்ச பாழை நான் உக்காந்து சரி பண்ணுறேன்னு காதுல விழட்டும். உறைக்கட்டும்! பசை போட்டு அரைச்சா சீட்டு தேஞ்சுபோகும், அதுக்காக எண்ணெய். நான் இரும்பைக் கெடுக்கலை. அவனை மாதிரி இல்லை நான். எனக்கு அவன் சொத்தா வேணும்? வாசப்படி ஏறி வந்து ரெண்டு வார்த்தை. அதுவரைக்கும் இந்த ஹெட் இந்தச் சாக்கை விட்டு நகராது."

"தூக்குங்க."

"என்னம்மா?"

"ஹெட்டைத் தூக்குங்க ஐயா."

"அவன் வராம..."

அம்மையார் ஹெட்டின் ஒரு முனையில் கை கொடுத்து ஏற்கெனவே தூக்கத் தொடங்கியிருந்தார். கனத்த வார்ப்பிரும்பு, அவர் கழுத்து நரம்பு புடைத்தது. ஆசிரியர் சுமக்கும்போது சீடர் கைகட்டி நிற்க இயலவில்லை. மாசிலாமணி மறுமுனையைப் பற்றினார். இருவருமாக அதை மொபெட்டின் முன்பலகையில் ஏற்றினார்கள். மாசிலாமணி வண்டியை உருட்ட, அம்மையார் ஒரு கையால் ஹெட்டைப் பிடித்தபடி உடன் நடந்தார். தெருவில் ஒருவரும் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

கொடிக்கால் எல்லையில் இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். வெற்றிலை விளையும் மண்ணில் செருப்புக் காலோடு எவரும் நுழைவதில்லை. பகைவரும் அந்த ஒழுக்கத்தை மீறுவதில்லை.

அகத்தி மரங்கள் வரிசை வரிசையாய் நின்றன. அவற்றைப் பற்றி ஏறிய மாசிலாமணியின் கொடிகள் இருண்ட பசுமையோடு பளபளத்தன. நடுவரப்பைத் தாண்டியதும் நிறம் மாறியது. இலைகள் மடங்கித் தொங்கின. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

சடையப்பன் இடது கையில் ஒரு செம்போடு, கொடியின் அடியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது. வலது கை மார்போடு மடங்கியிருந்தது.

"வாங்கம்மா" என்றார். பிறகு, "என்னண்ணே, கும்பாபிஷேகம் முடிஞ்சுதா?"

"பாத்தீங்களாம்மா? இன்னும் வாய் குறையலை பாருங்க!"

அம்மையார் சடையப்பனிடம் கேட்டார்: "மொத்தம் எத்தனை வரிசை?"

"பதினாலும்மா. இந்த ரெண்டுக்குத்தான் என் கையும் செம்பும் எட்டுது."

"மத்த பன்னண்டும்?"

"திரும்பிப் பாக்கறதில்லை. அதுங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் ஊத்துறேன்."

மாசிலாமணி ஓரடி முன்னே வந்தார். "டாப்பெட்டை முறுக்குனப்ப இதெல்லாம் தெரியலையா? எதுக்கு முறுக்குனே? உனக்கு என்ன தெரியும்னு ஸ்பேனரைத் தொட்டே?"

சடையப்பன் செம்பைக் கீழே வைத்தார்.

"ஒண்ணும் தெரியாமத்தான் தொட்டேன். தப்பு என்னுதுதாண்ணே."

எளிதாக வந்துவிட்டது. மாசிலாமணி அதற்கு ஆயத்தமாய் இல்லை.  முன்னிலும் பெரிதாகக் கத்தினார்.

"இதை என் வாசல்ல வந்து சொல்ல உனக்கு ஆறு நாளாச்சா?"

"வந்தேனேண்ணே."

"எப்ப வந்தே?"

"சனிக்கிழமை காலையில. நடையில ஏறிட்டேன். உள்ள நீங்க அரைக்கிற சத்தம் கேட்டுச்சு. நான் கெடுத்து வச்சதை மனுசன் உக்காந்து செஞ்சுக்கிட்டிருக்காரு, இந்த நேரத்துல போயி நின்னு கையை நிறுத்தக் கூடாதுன்னு இறங்கிட்டேன். நேத்துக் காலையிலயும் வந்தேன். அப்பவும் சத்தம். சரி, வேலை முடியட்டும், சத்தம் ஓயட்டும், அப்புறம் போவோம்னு இருந்தேன்."

"டீக்கடையில அப்படிப் பேசுனியே?"

"எட்டுப் பேரு பாத்துக்கிட்டிருந்தாங்க. வாயில அதுதான் வந்துச்சு. வீட்டுக்குப் போயி நினைச்சு நினைச்சு எனக்கே கேவலமா இருந்துச்சு."

மாசிலாமணி அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் காய்ந்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வேலைக்கு வேண்டிய சொற்களைத் தவிர வேறு பேச்சு எழவில்லை. ஹெட்டை இன்ஜின்மேல் ஏற்றினார்கள். மாசிலாமணி நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிராக முறுக்கினார். சடையப்பன் நட்டுகளையும் வாஷர்களையும் இடது உள்ளங்கையில் ஏந்தி, கேட்டதைக் கேட்ட வரிசையில் நீட்டினார். டாப்பெட் இடைவெளியை மாசிலாமணி மெல்லிய தகடு நுழைத்துப் பார்த்தார். பிறகு தகட்டைச் சடையப்பனிடம் கொடுத்தார். சடையப்பனும் நுழைத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

கைப்பிடியைச் சுழற்ற மாசிலாமணி குனிந்தார். அவர் சுழற்றி வேகம் ஏற்ற, சடையப்பன் உரிய கணத்தில், வால்வைத் திறந்து பிடித்திருந்த மேல்விசையை விட்டார். ஒருமுறை கரும்புகை வந்தது. இரண்டாம் முறை இன்ஜின் பிடித்துக்கொண்டது.

குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து வாய்க்காலில் ஓடியது. வாய்க்கால் முதலில் மாசிலாமணியின் பாத்திகளைத்தான் தொடும். அவர் மண்வெட்டியை எடுத்துத் தம் மடை அத்தனையையும் தாமே அடைத்தார். எவரும் சொல்லவில்லை. தண்ணீர் நடுவரப்பைக் கடந்து சடையப்பன் நிலத்தில் நுழைந்தது. வெடித்த மண் அதை உறிஞ்சும் ஓசை, இன்ஜின் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது.

மூவரும் தண்ணீரோடு நடந்தார்கள். சடையப்பன் ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து, கொடியின் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். முதல் ஆறு வரிசைகளில் கீறிய இடம் பச்சையாக இருந்தது. ஏழாவதில் அங்கொன்றும் இங்கொன்றும் பச்சை. எட்டாவதில் இல்லை. ஒன்பதாவதில், நகம் பட்ட தண்டு ஒடிந்து அவர் கையோடு வந்தது. அதற்குமேல் அவர் கீறவில்லை. தண்ணீர் மட்டும் பதினான்காம் வரிசை வரை சென்று நின்றது.

"இந்தக் கொடி வச்சு எத்தனை நாளாச்சு?" என்று அம்மையார் கேட்டார்.

"பதினாறு மாசம்மா. இந்தத் தையிலதான் முதல் இலை கிள்ளினேன்."

சடையப்பன் ஒடிந்த தண்டை வரப்பில் வைத்துவிட்டு, மடை பார்க்க இன்ஜின் பக்கம் சென்றார்.

மாசிலாமணி அந்த எட்டாவது வரிசையின் தலைப்பில் நெடுநேரம் நின்றார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நெற்றியிலிருந்த திருநீறு வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"அம்மா."

"சொல்லுங்க ஐயா."

"நேத்து மண்டபத்துல கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலை." காய்ந்த வரிசையைப் பார்த்தபடியே கேட்டார். "நியாயம் என்கிட்ட இருந்துதா, இல்லையா?"

உமையாள் அம்மையார் வாய்க்கால் தண்ணீரில் காலின் சேற்றைக் கழுவினார்.

"இருந்துது ஐயா. வெள்ளிக்கிழமையிலேருந்து உங்க முற்றத்துலதான் இருந்துது."